கேட்டோடு திரும்பிய முதல் பத்திரிகை

கூடுவாஞ்சேரி,
மாசி 22, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி ஸ்ரீவத்சனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்கால் தவிர. நீயும் மிருதுளாவும் குழந்தை ஸ்ம்ருதியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுதான் முக்கால் மணி நேரம் வீடியோவில் பேசினோமே, அதற்குள் அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று பயந்துபோகாதே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது, அதில் உனக்கும் பங்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஓர் உறை வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, முழுவதும் படித்துவிட்டுப் பிரி. பரீட்சைப் பேப்பரைக் கையில் கொடுத்தால் கடைசிக் கேள்வியை முதலில் பார்க்கிற பிள்ளை நீ, அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லப் பார்த்தேன். நேற்று ஸ்ம்ருதி அவள் வரைந்த பூனையைக் காட்டி முடித்ததும், வத்சு, நம் கேட்டுக்கு வருகிறவர்களை நீ வேண்டாம் என்று அழுத்துவது உண்டா என்று மெதுவாக ஆரம்பித்தேன். ஒரு நாளைக்குப் பத்து வருதும்மா, எல்லாம் கொரியர், சேல்ஸ், எதையென்று பார்ப்பது என்றாய். சொல்லும்போது உன் கண் என்மேல் இல்லை, பக்கத்தில் இருக்கிற இன்னொரு திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தது. அப்புறம் என்றாய். நீதான் சொல்லணும் என்றேன். அப்புறம் என்று மறுபடியும் இழுத்தாய். அதோடு நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான், அதில் பாதி டிரங்க் கால் போர்டில். மூன்றே நிமிஷத்தில் பிரசவம், சாவு, வேலை கிடைத்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்த ஜனங்களைக் கேட்டிருக்கிறேன். கேட்கக் கூடாதுதான், காதில் விழும். அதற்காக அந்தக் காலம்தான் உசத்தி என்று புலம்புகிறவள் இல்லை நான், அப்போதும் பாதி நேரம் ஹலோ கேக்குதா ஹலோ கேக்குதா என்பதிலேயே போய்விடும். போனால் சாப்பிட்ட குடும்பம் நம்முடையது, அதைத் திட்ட எனக்கு வாய் வராது.

உன் அப்பாவைத்தான் திட்டவேண்டும். மறைமலை நகர் கம்பெனியில் இருந்தபோது ஒரு போல்ட்டை மூன்று தரம் அளந்து பார்ப்பவர், இப்போது ஹால் சோபாவிலிருந்து சமையலறையில் இருக்கிற எனக்கு வாட்ஸ்அப்பில் காபி என்று அனுப்புகிறார். நடுவில் பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. குரல் கொடுத்தால் என்ன என்றால், நீ மிக்ஸி போட்டிருந்தாய் என்கிறார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்பிவிட்டுக் காபி போடாமலேயே இருந்தேன். அரைமணி கழித்து எழுந்து வந்து, ஏன் சுந்தரம், ஓகே போட்டாயே என்றார். ஓகே போட்டேன், காபி போடவில்லை என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தோமே தவிர, அந்த விரல் படம் எனக்கும் கைக்குப் பழகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது பின்னால் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில் வாட்டர் ஃபில்டர் விற்கிற ஆள் ஒருவன் உள்ளே வந்து அப்பாவை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினானே, அதைக் கேட்டு நீ பதறிப்போனாய். வீடு உன் பெயரில் இருக்கிறது, கேட்டில் யார் வந்தாலும் செக்யூரிட்டி போட்டோ எடுத்துப் போனில் கேட்பார், அந்தப் போன் என்னுடையதாகவே இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருங்கள் என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மெல்போர்னில் இருந்துகொண்டு என் பிள்ளை என் வாசலைக் காவல் காக்கிறான் என்று கீழ்வீட்டு ஜெனியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதனால் நீ செய்ததைத் தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை, அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்.

நம் கிளியம்மாவின் பிள்ளை வெற்றிவேலுக்குக் கல்யாணம் நிச்சயமானது உனக்குத் தெரியும், படம் அனுப்பினேன், நீயும் இதயம் போட்டாய். முப்பத்தேழு வயது வரைக்கும் ஜாதகம் தட்டிப்போய்த் தட்டிப்போய், பெருங்களத்தூரில் பெயிண்ட் கடையும் வீடுமாகவே இருந்த பிள்ளைக்கு, செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கிற நல்ல பெண் அமைந்திருக்கிறாள். தை மாதம் நிச்சயத்துக்கு அப்பாவும் நானும் இரும்புலியூர் போயிருந்தோம். நீ வளர்ந்த வீடு. முப்பத்தோரு வருஷம் அந்த மாடியில் குடியிருந்திருக்கிறோம், வீட்டுக்காரியாக இருந்தும் கிளியம்மா ஒரு நாளும் நம்மைக் குடித்தனக்காரர் என்று சொன்னது கிடையாது. எனக்கு மாலை டியூட்டி என்றால் நீ பெரிம்மா என்று கத்திக்கொண்டே கீழே இறங்கிப் போய்விடுவாய். நாம் சாப்பிடாததெல்லாம் அவர்கள் வீட்டில் சமைப்பார்கள், ஆனால் உனக்கென்று ஒரு பித்தளைச் சட்டியைத் தனியாக வைத்திருந்தாள், யாரும் சொல்லி வைத்ததில்லை, அவளாக வைத்தது. இப்போதும் அது அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறது, போன வாரம்கூடப் பார்த்தேன்.

அவள் புருஷன் ஜெயவேலு அண்ணன் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் போனதிலிருந்து கிளியம்மா நல்ல காரியம் என்றால் பின்னால் போய்விடுகிறாள். மகள் சுபத்ராவின் பெண்ணுக்குக் காது குத்தினபோது சமையல்கட்டைவிட்டு வெளியே வரவில்லை. நம் பக்கத்திலும் இதே புத்திதான், நான் ஒன்றும் பெரிய சீர்திருத்தக்காரி இல்லை, ஆனால் தலைச்சன் பேத்தி அங்கே அழுகிறது, இவள் இங்கே அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், அதைப் பார்த்ததிலிருந்து என் மனசு ஆறவே இல்லை. நிச்சயத்தன்று பத்திரிகை வைக்க யார் யார் போவது என்று பேச்சு வந்தது. சுபத்ராவும் அவள் புருஷனும் போகட்டும் என்றார்கள். கிளியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் இருக்கிறதே. எல்லார் முன்னாலும் சொன்னேன், கோயிலுக்கு அப்புறம் முதல் பத்திரிகை எனக்குத்தான், அதையும் கிளியம்மா தன் கையால் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், வேறு யார் கையால் கொடுத்தாலும் வாங்கமாட்டேன், கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று. ஒரு கிழவி முகத்தைச் சுளித்தாள். கிளியம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னா சுந்தரம்மா, அடம் புடிக்கிறே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவள் வந்தாள் வத்சு. மாசி ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, யார் சொல்லியும் கேட்காமல், தனியாக மின்சார ரயில் ஏறிச் சிங்கப்பெருமாள் கோவில் போய், நரசிம்மர் காலடியில் பத்திரிகையை வைத்து எடுத்துக்கொண்டு, திரும்புகிற வழியில் கூடுவாஞ்சேரியில் இறங்கி, தட்டும் பழமும் வெற்றிலையுமாக நம் கேட்டில் வந்து நின்றிருக்கிறாள். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் போன் பண்ணிச் சொல்லிவிட்டா வருவார்கள்? வாசலில் வந்து நிற்பதுதானே அழகு. அப்போது பதினொன்று பத்து. உனக்கு மாலை நாலு நாற்பது, ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பாய். செக்யூரிட்டி டெனிஸ் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர், ஐம்பத்தைந்து வயது, நல்ல மனுஷர், அவருக்கு நம்மையும் தெரியாது அவளையும் தெரியாது. இன்டர்காம் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினார். நீ வேண்டாம் என்று அழுத்தினாய். அவ்வளவுதான் நடந்தது, அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நான் அந்த நேரத்தில் மூன்றாவது மாடி பால்கனியில் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழே கேட்டுக்கு வெளியே பச்சைப் புடவையில் ஒரு அம்மாள், தோளில் மஞ்சள் பையோடு வெயிலில் நிற்பது தெரிந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. எந்த வீட்டுக்கோ யாரோ என்று நினைத்துக்கொண்டு கீரைத் தண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உனக்காவது அது போனில் வந்த ஒரு படம், நான் கண்ணால் பார்த்தேன்.

நாலு நாள் கழித்து வெற்றிவேல் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது. ஆன்ட்டி, அங்கிள், அவசியம் வந்துடுங்க என்று கீழே ஒரு வரி. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். முப்பத்தோரு வருஷப் பழக்கம், எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்டேன், அதற்குப் போனில் ஒரு படம். சரிதான், புதுச் சம்பந்தம் வந்ததும் ஆள் மாறிவிட்டாள் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் தாம்பரம். ஒன்றும் செய்யவில்லை. நீ படமாக அனுப்பினால் நானும் படமாகவே அனுப்புகிறேன் என்று, இரண்டு யானை தும்பிக்கையால் பூப் போடுகிற ஸ்டிக்கர் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். வீம்புக்காக அனுப்பினது. வெற்றிவேல் அதை அவளிடம் காட்டினானாம். "யானை பூ போடுது சரி, சுந்தரம்மா இன்னா சொல்லிச்சு" என்று கேட்டிருக்கிறாள். இதான்மா சொன்னாங்க என்றிருக்கிறான். "இது யானை சொல்றது. அது இன்னா சொல்லிச்சு?" என்று திரும்பக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாளாம். இதெல்லாம் சுபத்ரா பிறகு சொல்லி எனக்குத் தெரியும்.

அவள் வந்து போய்ப் பதினோரு நாள் இப்படியே போயிற்று. போன செவ்வாய்க்கிழமை சாமான் ஒன்று வந்ததென்று கீழே போனேன். டெனிஸ் என் வீட்டு நம்பரைக் கேட்டுவிட்டு, அன்னிக்கு ஒரு பெரியம்மா தட்டோட வந்தாங்களே மேடம், உங்க வீட்டுல வேணாம்னுட்டாங்களே, பாவம் ரொம்ப நேரம் நின்னாங்க என்றார். எந்த அம்மா என்றேன். பச்சைப் புடவை என்றார். நான் அங்கேயே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாக எல்லாம் சொன்னார். போட்டோ எடுக்கப் போனபோது, "இன்னாத்துக்குப்பா போட்டோ" என்று கேட்டாளாம். வீட்டுக்காரருக்குப் போகும்மா, அவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் சரி என்றால்தான் விடமுடியும் என்றாராம். உடனே, "புள்ளைக்கா போவுது? நம்ம ஸ்ரீவத்சனுக்கா? இரு இரு" என்று பையைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தி, "இப்ப புடி" என்று சிரித்தாளாம். அவர் வேணான்ட்டாரும்மா என்று இவர் சொன்ன பிறகும், "சரியா பாருப்பா, தப்பா அமுக்கியிருக்கும்" என்றாளாம். இன்னொரு தடவை அனுப்பினாராம். மறுபடியும் அதே பதில்தான் வந்ததாம்.

அப்பாவிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை, கட்டின புடவையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து இரும்புலியூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வழியெல்லாம் உன்மேல் கோபம், அதை ஏன் மறைக்கவேண்டும், அப்படி ஒரு கோபம். பிறகு என்மேல். கிளியம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சுபத்ரா மடியில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகப் பத்திரிகைப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். அச்சடித்த பத்திரிகைக் கட்டுகள் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தன. என்னைப் பார்த்ததும் கிளியம்மா எழுந்து, "வா சுந்தரம்மா, வெயில்ல வந்துகீறியே, தண்ணி குடிக்கிறியா" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல. நான் உள்ளே போகவில்லை. இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, அது நான் இல்லை கிளியம்மா, நான் சொல்லவில்லை, எனக்கு நீங்கள் வந்ததே தெரியாது என்றேன். "தெரியும்" என்றாள். "நீ சொல்லல, புள்ள சொல்லிச்சு. அந்த வாட்ச்மேன் சொன்னாரே. வேலைல இருந்துருக்கும். வுடு."

தெரிந்திருக்கிறது அவளுக்கு. தெரிந்தும் பதினோரு நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "உன் புள்ள இப்டி பண்ணிச்சுன்னு உன்கிட்டயே வந்து சொல்றதா? உனுக்கு அசிங்கமா இருக்காது?" என்கிறாள். சுபத்ராதான் மிச்சத்தைச் சொன்னாள். அன்றைக்குத் திரும்பி வந்ததும் தட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, இனிமேல் ஒரு வாசலுக்கும் நான் போகமாட்டேன், போனிலேயே அனுப்பிவிடுங்கள், மணவறையிலும் சுபத்ராவும் அவள் புருஷனும் நிற்கட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். "மொத வாசலே மூடிக்கிச்சு. நான் ஆவாதவன்னு அந்தப் போனுக்கே தெரிஞ்சிகீது" என்றாளாம். வத்சு, நீ ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கொரியர் பையன் என்று நினைத்துத் தட்டிவிட்டாய். இங்கே ஒருத்தி அதை ஆண்டவன் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்காரத் தயாராகிவிட்டாள். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கேட்டைவிட்டு நகரவில்லை. தட்டைக் கொண்டுவாருங்கள், பத்திரிகை கொடுங்கள், அதை வாங்கினால்தான் உள்ளே வருவேன் என்றேன். "இன்னா கூத்து இது, தெருவே பாக்குது, உள்ள வா" என்கிறாள். பார்க்கட்டும் என்றேன். எதிர்வீட்டு சாராள் டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குடை வேண்டுமா என்று கேட்டார். கால்மணி நேரம் நின்றேன், தலை சுற்றியது, ஆனாலும் அவள் என் கேட்டில் நின்ற அளவுக்கு ஆகவில்லை. கடைசியில் உள்ளே போனாள். அன்றைக்குக் கோயிலில் வைத்து எடுத்த அதே பத்திரிகையை, புதிதாக வெற்றிலை பாக்கு வைத்து, தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள். குங்குமச் சிமிழைத் திறந்தவள் சுபத்ராவைப் பார்த்து, "நீ குடுடி" என்றாள். நான் கிளியம்மாவின் விரலைப் பிடித்துக் குங்குமத்தில் வைத்து அதை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று அழுதோம். சுபத்ரா போட்டோ எடுக்கப் போனை எடுத்தாள். கிளியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "வேணாண்டி, போட்டோ புடிச்சா வேணாம்னு சொல்லிடுவாங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு பத்திரிகைக் கட்டைப் பிரித்தாயிற்று. பக்கத்துத் தெரு, முடிச்சூர், பீர்க்கன்காரணை என்று அவளே போய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு நாள் நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில்கூட முகம் சுளிக்கவில்லை, ரேஷ்மா என்று ஒரு மருமகள் பெண் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டது. ஆனால் மணவறையில் நிற்கச் சொன்னால் மட்டும் பார்க்கலாம் என்கிறாள். எனக்கு அவளைத் தெரியும், பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். வெற்றிவேல் கெஞ்சினான், அப்பாவும் பேசினார், நடக்கவில்லை. "புள்ள வாயால வந்துச்சு, அத இன்னா பண்றது" என்கிறாள். உன்னைத்தான் சொல்கிறாள். அவளுக்கு நீயும் வெற்றிவேலும் ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு பட்டுவிட்டது. வேறு யாராவது அழுத்தியிருந்தால் அந்த ஆளைத் திட்டிவிட்டு என் நம்பருக்குப் போன் போட்டிருப்பாள்.

உன்னிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். "தூர தேசத்துல ஒண்டியா கீது, மனசு பேஜாராயிடும், சொல்லிகினு இருக்காத" என்றாள். நான் சத்தியம் செய்யவில்லை. நீ ஒண்டியாக இல்லை, பெண்டாட்டி குழந்தையோடு இருக்கிறாய், மனசு கொஞ்சம் பேஜாரானாலும் தாங்கிக்கொள்வாய். கிளம்பும்போது இன்னொரு பத்திரிகையை எடுத்து நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, மேலே அவளே உன் பெயரை எழுதினாள். ஐந்தாவது படித்த கை, எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், மையும் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. "போன்ல அனுப்பாத, கையில போய் சேரட்டும்" என்றாள். அதுதான் கூட இருக்கிற உறை. அதற்காகத்தான் இந்தக் கடிதமும்.

இனி நீ செய்யவேண்டியது. அவளைப் போனில் கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், குரல் பதிவு செய்து அனுப்புவதும் வேண்டாம், அவளிடம் இருப்பது பட்டன் போன்தான், அடித்தால் எடுப்பாள். பழைய நம்பர்தான். சாரி என்று ஆரம்பிக்காதே. அந்த வார்த்தையை நாம் காலை மிதித்தாலும் சொல்கிறோம், கொலை செய்தாலும் சொல்கிறோம். பெரிம்மா, பத்திரிகை கைக்கு வந்தது என்று சொல், அது போதும், மீதி தானாக வரும். வராவிட்டாலும் போனை வைத்துவிடாதே. பிறகு, வெற்றிவேல் பக்கத்தில் நீங்கள்தான் நிற்கவேண்டும் என்று சொல். நாங்கள் சொல்லிக் கேட்காதவள் நீ சொன்னால் கேட்பாள். மூடினது உன் கை, திறப்பதும் உன் கையாகத்தான் இருக்கவேண்டும். கல்யாணம் பங்குனி பதினாறு. லீவு கிடைத்து வரமுடிந்தால் வா, முடியாவிட்டால் நான் வருத்தப்படமாட்டேன், ஆனால் போன் பண்ணாமல் இருந்தால் வருத்தப்படுவேன்.

கேட்டுக்குக் கொடுத்திருக்கிற நம்பரை என் போனுக்கு மாற்றிக் கொடு. வாட்டர் ஃபில்டர்காரன் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவைச் சோபாவோடு கட்டிப்போட்டுவிடுகிறேன். நீ எங்களுக்காகப் பயந்து செய்தது எனக்குத் தெரியும், அந்தப் பயம் உன் அன்பு, அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் வாசலுக்கு வருகிறவர் யார் என்று வீட்டில் இருக்கிறவர்கள்தான் எட்டிப் பார்க்கவேண்டும் கண்ணா. நானும் இனிமேல் பால்கனிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போகிறேன். மிருதுளாவிடம் வெயில் இறங்கினதும் குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த இன்னொரு திரையை அணைத்துவிட்டு உட்கார், அரைமணி பேசினாலும் போதும். ஸ்ம்ருதியின் பூனை ரொம்ப அழகு, அதைக் காகிதமாகவே அனுப்பச் சொல், பிரிட்ஜ் கதவில் ஒட்டவேண்டும்.

பெருமாள் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு. உறையைப் பிரிக்கும்போது எழுந்து நின்று இரண்டு கையாலும் பிரி. ஒன்று மறந்துவிட்டேனே, அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் கேட் ஆப்பைத் திறந்து, அவள் வந்த பிப்ரவரி பதினேழுக்குப் போய்ப் பார். வந்து போனவர்களின் படம் எல்லாம் அதிலேயே இருக்கும் என்று டெனிஸ் சொன்னார். முகம் துடைத்து, முந்தானை சரிசெய்து, தட்டை ஏந்திக்கொண்டு நீ பார்ப்பாய் என்று நினைத்து உனக்காகச் சிரித்த சிரிப்பு அது. இரண்டு தடவை வந்திருக்கும். நீ இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே வேண்டும் அம்மா,
சுந்தரவல்லி லக்ஷ்மிநாராயணன்